ஒத்தாசை கேட்பவள்

தன் பையைத் தானே சுமந்து அவள் வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. சனிக்கிழமை மாலையில் தெற்கிலிருந்து வரும் பாசஞ்சர் கோவில்பட்டியில் நின்றதும் மாணவியர் கும்பலாக இறங்குவார்கள். அந்தக் கும்பலின் நடுவே ஒருத்தி மட்டும் இரு கைகளையும் வீசிக்கொண்டு, கல்யாண வீட்டிலிருந்து திரும்புபவள் போல நிதானமாக நடந்து வருவாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய பையையும் தன் பையையும் தூக்கிக்கொண்டு வேறொருத்தி மூச்சிரைக்க வருவாள். முதன்முறை அப்படிச் சுமந்து வந்தவள் என் மகள்.

என் மனைவிக்கு அக்காட்சி பொறுக்கவில்லை. முன்பின் அறியாத பெண்ணென்றும் பாராமல் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, கையில மருதாணியா வச்சிருக்க?"

"ஆமாம்மா, இன்னும் காயல" என்று பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள் அவள். பிறகு சிரித்தபடி என் மகளிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு விளாத்திகுளம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவள் எங்களைக் கடந்தபோது அந்தப் பையிலிருந்து மிளகாய் வத்தலின் நெடி எழுந்தது. நானும் என் மனைவியும் ஒருசேரத் தும்மினோம். அவளோடு எங்களுக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் அந்தத் தும்மல்தான்.

அவளுடைய ஊர் விளாத்திகுளத்துக்கு அப்பால், வானம் பார்த்த கரிசல் காட்டின் நடுவே இருக்கிறது. மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம், கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் அவளுக்கு 'விளாத்திகுளத்துப் பிள்ளை' என்றே பெயர். இட்ட பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. மருத்துவராக இருப்பவளின் பெயரை இத்தகைய கதையோடு சேர்த்து எழுத எனக்கு உரிமையில்லை.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் எங்களுக்குக் காலம் கடந்து பிறந்தவள். அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது எங்கள் தெரு முனையில் அவள் படத்தை ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்தார்கள். அப்படித் தெருவாரால் வாழ்த்தி அனுப்பப்பட்ட பிள்ளைகள்தாம் அங்கே வருகிற அத்தனை பேரும். ஒவ்வொருத்தியும் தன் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவள். அவர்களை எல்லாம் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் எவளோ ஒருத்தி கடைசியாக வந்தாக வேண்டும் என்பதை அந்த ஃப்ளெக்ஸை வைத்தவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள், பெற்ற நாங்களும் நினைக்கவில்லை.

கடைசியாக வந்தவள் என் மகள். அனாடமி என்னும் உடற்கூற்றுப் பாடத்தின் முதல் உள்தேர்வில் அவள் தவறினாள். அந்தச் சனிக்கிழமை, தேர்வைப் பற்றி எங்களிடம் ஒன்றும் சொல்லாமல், இனித் திரும்புவதில்லை என்ற முடிவோடு எல்லாத் துணிகளையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறாள். ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தவளின் எதிரே ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

"பிள்ள, ஒரு ஒத்தாசை செய்யுதியா? தோள்பட்டை வலிக்கி. கோவில்பட்டியில இந்தப் பைய இறக்கிக் குடுக்கணும். உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு, பாத்துக்கோ."

என் மகள் அந்தப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கடம்பூரில் போளிக் கூடைக்காரர்களும் அவர்களைச் சுற்றி வாங்குபவர்களும் நெருக்கியடித்தபோது, பையின் மேல் கவிழ்ந்து படுத்து அதைக் காத்திருக்கிறாள். கண்ணாடி உடையக் கூடாதே என்ற கவலையில் அழுகை பின்னுக்குப் போய்விட்டது. இறங்கும்போது அந்தப் பெண், திங்கட்கிழமைக் காலையிலும் நீதான் தூக்க வேண்டும், தோள்வலி அதற்குள் தீராது என்று சொல்லிப் போயிருக்கிறாள். வாக்குக் கொடுத்துவிட்ட காரணத்தால் என் மகள் திங்கட்கிழமை ரயிலுக்குப் போனாள், கல்லூரிக்கும் போனாள். அந்தப் பையில் கண்ணாடிச் சாமான் ஒன்றும் இல்லை என்பதும், துவைக்க வேண்டிய துணிகளே இருந்தன என்பதும் பல மாதங்களுக்குப் பிறகே அவளுக்குத் தெரிய வந்தன. எங்களுக்கு இந்தக் கதை முழுவதும் தெரியவர அதற்கு மேலும் காலமாயிற்று.

அக்கல்லூரி விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாண்டில் சேரும் ஒருத்திக்கு என்ன வரிசை எண்ணோ, அதே எண்ணை உடைய இரண்டாமாண்டு மாணவி அவளுக்கு அக்கா. 'ரோல் நம்பர் அக்கா' என்பார்கள். எலும்புப் பெட்டியும் பழைய புத்தகங்களும் அந்த அக்காவிடமிருந்து இறங்கி வரும். முதல் வெள்ளைக் கோட்டை அவள்தான் மாட்டிவிடுவாள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கி வருவதும், பேராசிரியர் எவர் எப்படிப்பட்டவர் என்று எச்சரிப்பதும் அவள் கடமை. அவளுக்கும் மேலே ஓர் அக்கா, அவளுக்கும் மேலே இன்னொருத்தி என்று அது ஒரு குருபரம்பரை போல நீண்டு போகும். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த ஓர் எண்தான் தாய்வீடு.

விளாத்திகுளத்துப் பிள்ளைக்கு அந்தப் பரம்பரை அறுந்து போயிருந்தது. முதலாண்டுத் தேர்வில் அவள் ஒருமுறை தவறியதால் உடன் சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். அடுத்து வந்த வகுப்பின் பட்டியலில் கடைசியில் அவளைச் சேர்த்தார்கள்; அதுவும் என் மகளின் வகுப்புக்கு மூத்த வகுப்புதான். அந்தக் கடைசி எண்ணுக்கு மேலேயும் யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை. அக்கா என்று உரிமையோடு போய் நிற்க ஓர் அறை அவளுக்குக் கிடையாது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, எந்தப் பட்டியலுக்குள்ளும் நிற்காமல் தடுமாறும் பெண்களை அவள் கண் முதலில் கண்டுகொண்டது.

அவள் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை. 'கவலைப்படாதே' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து தான் கேட்டதேயில்லை என்று என் மகள் சொல்வாள். துவண்டு கிடக்கிறவளின் அறைக்குள் அவள் ஏதோ ஒரு தேவையோடுதான் நுழைவாள். ஒத்தாசை கேட்பாள். கேட்கிற ஒத்தாசையோ, கேட்கப்படுகிறவளின் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

என் மகளின் வகுப்பில் புதியம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவ்வூரில் பாதிப் பேருக்கு ஆயத்த ஆடைத் தையல்தான் தொழில். அவள் பெற்றோரும் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்தார்கள். வாய்மொழித் தேர்வில் அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டு எவரோ சிரித்துவிட, அன்றிலிருந்து அவள் வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிடக்கூட எல்லோரும் எழுந்த பிறகே போவாள். தையல் வீட்டுப் பெண் என்பதையும் விடுதியில் மறைத்து வைத்திருந்தாள். ஒருநாள் நம்மவள் தன் வெள்ளைக் கோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனாள்.

"ஏட்டி, இந்தக் கோட்டுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கலாம். கையக் கொஞ்சம் பிடிச்சுத் தாயேன். உன் சுடிதார் தையலப் பாத்தேன், கடையில தச்ச மாதிரி இல்ல. யாரு தச்சது?"

தானே தைத்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்துவிட்டது. ஊசியும் நூலுமாக அவள் உட்கார்ந்ததும், நம்மவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கையில் இருக்கும் தசைகளை எல்லாம் மறந்துவிட்டேன், தைத்துக்கொண்டே சொல் என்றாள். முதலில் தமிழில் சொல்லச் சொன்னாளாம். பிறகு, என்னைத் தேர்வில் தமிழில் எழுத விடமாட்டார்கள், ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லிவிடு என்றாளாம். கோட்டின் கை சரியாவதற்குள் புதியம்புத்தூர்ப் பெண் ஒரு முழுப் பாடத்தையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்திருந்தாள். அடுத்த வாரம் விடுதியில் பாதிக் கோட்டுகள் அவள் அறை வாசலுக்கு வந்துவிட்டன. அவள் பெற்றோரின் தொழில் அதன்பின் அவ்விடுதியில் மதிப்புக்குரிய சங்கதியாயிற்று.

இந்த வலையில் நானும் ஒருமுறை விழுந்தேன்.

எனக்குத் தொண்டையில் இருந்த ஒரு கட்டியை அறுத்து அகற்றினார்கள். கட்டி தீங்கற்றது, ஆனால் குரல் கம்மிவிட்டது. பேசப் பேசத்தான் சரியாகும் என்றார் மருத்துவர். நான் பேசவில்லை. பல ஆண்டுகளாக மார்கழி வைகறையில் சிவன் கோயிலில் பதிகம் ஓதி வந்தவன். அந்தக் குரல் போய்த் தவளை கத்துவது போன்ற ஓசையோடு சந்நிதியில் நிற்க எனக்கு மனமில்லை. அந்த ஆண்டு மார்கழி பிறந்தும் நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலும் சைகைதான்.

விளாத்திகுளத்துக்குப் பஸ் கிடைக்காத நாள்களில் எங்கள் வீட்டில் தங்கிப் போகும் அளவுக்கு அவள் அதற்குள் பழகியிருந்தாள். என்னை அப்பா என்றே அழைப்பாள். அப்படி வந்த ஒரு மாலையில் எதிரே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு ஒத்தாசை. மூளையில இருந்து புறப்படுத நரம்பு பன்னெண்டு. பேரு ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்கு. நீங்க ஒரு மெட்டுல கட்டித் தந்தா பாடிக்கிட்டே பரீட்சைக்குப் போயிருவேன்."

எனக்குக் குரல் இல்லை என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"நரம்புக்கு எதுக்குப்பா குரலு? மெதுவாச் சொன்னாப் போதும்."

பெயர்களை எழுதிக் காட்டினாள். ஆல்ஃபாக்டரி, ஆப்டிக், ஆகுலோமோட்டார். முதல் மூன்றுக்கும் மோனை தானாகவே அமைந்திருந்ததைக் கண்டு எனக்குள் இருந்த தமிழாசிரியன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். எந்தப் பண்ணில் போடலாம் என்று யோசிக்கத் தொடங்கிய பிறகு வாயை மூடி வைத்திருப்பது எப்படி? முனகிப் பார்த்தேன். இடையில் வரும் பெயர்கள் சந்தத்துக்குள் அடங்க மறுத்து முரண்டு பிடித்தன. பத்தாவது நரம்பின் பெயர் வேகஸ். "உங்க குரலு அதோட கிளையில இருந்துதான் வருது, அத மட்டும் நல்லா அழுத்திப் பாடுங்க" என்றாள். அழுத்திப் பாடினேன். அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"சாமிக்குப் பாடாத வாயி நரம்புக்குப் பாடுதாக்கும்."

அம்மாதக் கடைசியில் நான் சந்நிதிக்குப் போனேன். பழைய குரல் திரும்பவில்லை. ஆயினும் ஒரு குரல் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நரம்புகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் ஒப்பிப்பாள் என்றும், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிப்பதே அவள்தான் என்றும் பிறகு என் மகள் சொன்னாள்.

அவள் தங்கும் நாள்களில் நான் காலையில் ஓதுவதை உட்கார்ந்து கேட்பாள். ஒருமுறை, "உங்க பாட்டும் எங்க கோயில் பாட்டு மாதிரியேதான்ப்பா. வா, தா, விட்டுராதேன்னு ஒரே கெஞ்சல்" என்றாள். பக்திப் பாடல்களுக்கு இத்தனை சுருக்கமான உரையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவளிடம் நான் சொன்ன மறுமொழியும் நினைவிருக்கிறது. அடியவன் கேட்பது ஒரு பாதிதான். மறுபாதியில் இறைவனும் கேட்டு வருவான். பசி என்று சொல்லிக்கொண்டு பரதேசி வேடத்தில் வாசலில் வந்து நிற்பான். அவனுக்குப் பசியும் இல்லை, தேவையும் இல்லை. இட்டவனை உயர்த்துவதற்காகவே ஏந்தி நிற்பான் என்றேன். நீயும் அந்த ஆட்டத்தைத்தானே ஆடுகிறாய் என்பது என் குறிப்பு. அது அவளுக்கு விளங்கிவிட்டது. "அவருக்கு நெசமாவே பசிச்சா என்ன செய்வாருப்பா?" என்று கேட்டாள். அதை நல்ல வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு நான் சிரித்தேன்.

தன்னைப் பற்றி அவள் பேசுவது அரிது. மழை பிந்திவிட்டது என்பாள், மிளகாயில் நோய் விழுந்துவிட்டது என்பாள், அதோடு நிறுத்திவிடுவாள். தேர்வுக்கு முன்னால் படிப்பதற்காக விடுமுறை விடும்போது விடுதி ஏறத்தாழக் காலியாகும். அவள் மட்டும் ஊருக்குப் போகமாட்டாள். அது காட்டில் மிளகாய்ப் பழம் பறிக்கிற காலம். போனால் அவளைப் படி என்று சொல்லி அறைக்குள் உட்கார வைத்துவிட்டு, அம்மா ஒருத்தியே வெயிலில் குனிந்து மிளகாய் பறிப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிம்மா படிக்க என்று என் மனைவியிடம் ஒருமுறை சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்தவற்றுள் புலம்பலுக்கு மிக அருகில் இருந்தது அதுதான்.

அவளுடைய இறுதியாண்டில், அத்தகைய விடுமுறையின் போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகள் வீட்டில் இருந்தாள். பிற்பகலில் தாயின் முன்னால் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கையில் எண்ணெய் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டாள். விளாத்திகுளத்துப் பிள்ளையின் குரல் எங்கள் மூவருக்கும் கேட்டது.

"பிள்ள, ஒரு ஒத்தாசை. இங்கன வந்து இன்னைக்கு எங்கூட இருக்கியா? எனக்குத் தனியா இருக்க முடியல."

என் மகள் சிரித்துவிட்டாள். "அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். வேளைக்குச் சாப்பிடுதேன், தூங்குதேன், படிக்கவும் செய்யுதேன். எனக்காக நீங்க நாடகம் போட வேண்டாம்."

மறுமுனையில், "சரி பிள்ள, நல்லாப் படி. வச்சிருதேன்" என்று கேட்டது.

இத்தனை தொலைவில் இருந்தும் நம் பிள்ளையின் மேல் அவளுக்கு இருக்கிற அக்கறையைப் பார் என்று என் மனைவி மனம் நெகிழ்ந்தாள். எண்ணெய் வைப்பது தொடர்ந்தது. சற்று நேரத்தில் புதியம்புத்தூர்ப் பெண் ஏதோ ஒரு பாடத்தில் ஐயம் கேட்க அழைத்தாள். பேச்சோடு பேச்சாக, அக்கா கூப்பிட்டார்கள் என்று என் மகள் சொன்னாள்.

"எனக்கும்தான்டி. தனியா இருக்க முடியல, வாயேன்னாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன், சும்மா இருங்கன்னுட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த என் மகளின் முகம் பாதியில் மாறியது. பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அக்கா ரெண்டு பேருகிட்ட ஒரே ஒத்தாசையக் கேக்கவே மாட்டாங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் விளக்கினாள். எனக்கென்றால் பை. இவளுக்கென்றால் கோட்டு. உங்களுக்குப் பாட்டு. எவருக்கு எது வேண்டுமோ அதைப் பார்த்துத்தான் கேட்பார்கள். இன்றைக்கு இவளிடமும் என்னிடமும் ஒன்றையே கேட்டிருக்கிறார்கள். "அப்போ இது எங்களுக்காகக் கேட்டது இல்லப்பா" என்றாள்.

திருப்பி அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தபோதும் எடுக்கவில்லை. எழுந்து குளியலறைப் பக்கம் போனவளை என் மனைவி தடுத்தாள். "எண்ணெயோடயே கெளம்புட்டி. தலை எங்கயும் ஓடிராது."

ரயிலுக்கு நேரமிருந்ததால் நானும் மகளும் நெடுஞ்சாலைக்குப் போய்த் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினோம். புதியம்புத்தூர்ப் பெண் அவள் ஊரிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. வழி நெடுக என் மகள் விளாத்திகுளத்துப் பிள்ளையின் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தாள். சாலையின் இருபுறமும் அறுவடை முடிந்த கம்பங்காடுகள் வெறித்துக் கிடந்தன. நான் வாய்க்குள் பதிகம் சொல்லிக்கொண்டு வந்தேன்; எந்த அடியில் இருக்கிறேன் என்று அடிக்கடி தவறிப்போயிற்று.

மாணவியர் விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை. வாயிற்காவலர் அறைக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் பெற்றோருக்காகப் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். உள்ளே நடந்ததை மகள் சொல்லியே அறிந்தேன்.

கதவு திறந்திருந்தது. அவள் இருந்தாள். அதைக் கண்ட பிறகே என் மகளுக்கு மூச்சு வந்தது. மெத்தை சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பை நிரம்பி, மூடியிருந்தது. வெறும் பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், வாசலில் நின்றவளைப் பார்த்ததும் பழைய அக்காவாகிவிட முயன்றாள்.

"எதுக்குட்டி எண்ணெய் வழிய வந்து நிக்க? வீட்டுல இருந்து படிக்க வேண்டியதுதானே?"

"நீங்க கூப்பிட்டீங்கள்லக்கா."

"அது சும்மா."

என் மகள் கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தாள். விளாத்திகுளத்துப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒவ்வொருத்தியாக் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாரும் நல்லாருக்கோம், நல்லாருக்கோம்னுட்டிய. நான் வேற என்னத்தச் சொல்லிக் கேக்க?"

ஆறுதல் சொல்லும் வித்தையை அவளிடமிருந்து எவரும் கற்றிருக்க வழியில்லை; அவள்தான் ஒருநாளும் ஆறுதல் சொன்னதில்லையே. ஆகவே என் மகள் எழுந்து போய் மெத்தையின் கட்டை அவிழ்த்து விரித்தாள். சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த புதியம்புத்தூர்ப் பெண் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பையைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். அதைத் தடுக்க அக்கா கை நீட்டினாளாம். நீட்டிய கை பாதியில் நின்று, முகத்தை மூடிக்கொண்டதாம்.

வெயில் தாழ்ந்த பிறகு மூவரும் கீழே வந்தார்கள். "நீங்களுமாப்பா வந்தீங்க" என்று கேட்டுவிட்டு விளாத்திகுளத்துப் பிள்ளை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டி, கண்கள் உள்வாங்கியிருந்தன. நான் கேட்காமலே சொன்னாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மனத்தில் ஒட்டுவதில்லை. படுத்தால் தூக்கம் இல்லை. வார்டில் எவரோ இவளைச் சுட்டி, ஒருமுறை விழுந்தவள், பார்த்துக் கேள்வி கேளுங்கள் என்று சொன்னது காதில் விழுந்ததிலிருந்து இப்படி இருக்கிறது. இன்று மாலைப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவதென்றும், இனிப் படிப்பு வேண்டாமென்றும் முடிவு செய்திருந்தாள்.

"இன்னொரு தடவ விழுந்துட்டு எங்க அம்மா மொகத்துல முழிக்க முடியாதுப்பா. அதான் விழுததுக்கு முன்னாலயே போயிருவோம்னு நெனச்சேன்."

வாழ்நாளெல்லாம் பாடல்களை நெட்டுருச் செய்தவன் நான். அவற்றில் ஓர் அடிகூட அப்போது உதவிக்கு வரவில்லை. அவள் தலையைத் திருப்பி, பின்னால் நின்ற என் மகளைப் பார்த்தாள்.

"இன்னைக்கு இங்கன படுத்துக்கிடுதியா?"

"படுத்துக்கிடுதேங்க்கா."

"நாளைக்கு?"

"நாளைக்கும்."

விண்ணப்பம் என்னும் சொல்லை எத்தனையோ பாடல்களில் ஓதியிருக்கிறேன், உரை சொல்லியிருக்கிறேன். ஒரு விண்ணப்பம் வைக்கப்பட்ட அந்தக் கணமே ஏற்கப்படுவதைக் கண்ணால் கண்டது அந்த வேப்ப மரத்தடியில்தான். நான் தனியாகக் கோவில்பட்டிக்குத் திரும்பினேன்.

படிப்பவர்கள் பதற வேண்டாம் என்பதற்காக முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் அந்த முறை தேர்வு எழுதவில்லை. அடுத்து வந்த தேர்வை எழுதினாள், தேறினாள். இன்று வேறொரு மாவட்டத்தில் அரசு மருத்துவராக இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு மிளகாய் வத்தல் இன்றும் அவள் தோட்டத்திலிருந்துதான் வருகிறது.

ஆனால் அந்தத் தேர்வைவிடக் கடினமான ஒன்றை அவள் அதற்கு முன்பே கடக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், மனநலப் பிரிவில் காட்டலாம் என்று இரு பெண்களும் சொன்னபோது அவள் ஒரேயடியாக மறுத்தாள். "நாம கேஸ் எடுக்குத எடத்துல நாமளே சீட்டு வாங்கிட்டு உக்காரணுமாட்டி? நாளைக்கு எந்த மொகத்தோட வார்டுக்குப் போவேன்?" என்றாள். அவர்களும் விடவில்லை. அன்று முழுவதும் கெஞ்சியும் சண்டையிட்டும், அதற்கடுத்த நாள் காலையில் அழைத்துப் போனார்கள். கண் மட்டும் தெரிய முகக்கவசம் மாட்டிக்கொண்டு அவள் புறநோயாளிகளின் நீண்ட பெஞ்சில் நடுவில் உட்கார்ந்தாள். இவர்கள் இருபுறமும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். வெள்ளைக் கோட்டு மாட்டிய மாணவர்கள் அவ்வழியே போகும்போதெல்லாம் அவள் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள்.

உள்ளேயிருந்து பெயரை அழைத்தார்கள். மூவரும் ஒன்றாக எழுந்தார்கள். வாசலில் நின்ற செவிலியர் சீட்டையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்து, "இதுல யாரும்மா பேஷண்ட்?" என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியைப் பற்றி என் மகள் இன்றும் சொல்வாள். அக்கா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு என் மகளைக் கைகாட்டி, இந்தப் பிள்ளைக்குத்தான், நான் துணைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்திருக்கிறாள். சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருப்பார்கள்.

அவள் முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"நான்தான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.